ஐம்பது மைக்ரானும் ஒரு விமான விதியும்

நீர் எத்தனை டிகிரியில் உறையும் என்று முதலாண்டு வகுப்பில் கேட்டால், மாணவர்கள் ஒரே குரலில் 'சுழி டிகிரி செல்சியஸ்' என்பார்கள். விடை சரிதான், ஆனால் முழுமையானதன்று. பனிக்கட்டி சுழி டிகிரியில் உருகும் என்பது உறுதி. நீர் அதே வெப்பநிலையில் உறைந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேகத்தில் மிதக்கும் சிறு நீர்த்துளி, உறைவதற்குத் தொடக்கம் தரும் கரு ஒன்று கிடைக்காவிட்டால், சுழிக்குக் கீழே 10, 20 டிகிரி சென்ற பின்னும் நீராகவே இருக்கும். இதனை மீக்குளிர்ந்த நீர் என்கிறோம். அத்துளி ஒரு திடப்பொருளின்மேல் மோதியவுடன் உறையத் தொடங்கும்.

அந்தத் திடப்பொருள் விமானத்தின் இறக்கையாக இருந்தால் என்ன ஆகும்? இதற்காகவே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அரை நூற்றாண்டுக் காலம் தனித்து ஆட்சி செய்த விதி ஒன்றை இயற்பியல் நோக்கில் மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டர்போபிராப்பின் இக்கட்டு

டர்போபிராப் என்பது டர்பைன் எஞ்சினால் சுழலியைச் சுழற்றிப் பறக்கும் விமானம். குறுந்தொலைவுப் பயணங்களுக்குச் சிக்கனமானது. நம் நாட்டின் சிறு நகரங்களுக்கு வந்துபோகும் ஏடிஆர்-72 இவ்வகையே.

பெரிய ஜெட் விமானங்கள் மேகங்களை விரைவில் கடந்து மேலே சென்றுவிடுகின்றன. டர்போபிராப்போ மீக்குளிர்ந்த துளிகள் நிறைந்த இடைப்பட்ட உயரங்களில் நெடுநேரம் பறக்கிறது. வேகமும் குறைவு. காற்று இறக்கையின் முன்விளிம்பில் மோதி நிற்கும்போது அதன் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் இந்த வெப்ப உயர்வு சுமார் 31 டிகிரி; 90 மீட்டர் வேகத்தில் 4 டிகிரிதான். உயர்வு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை நினைவிற்கொண்டால் மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுவிடலாம். மேலும், ஜெட் எஞ்சினிலிருந்து சூடான காற்றை எடுத்து இறக்கையைச் சூடேற்றுவதுபோல் டர்போபிராப்பில் தாராளமாக எடுக்க இயலாது. ஆகவே இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை ஒன்றைப் பொருத்தி, அவ்வப்போது காற்றடைத்து உப்பச் செய்து, படிந்த பனிக்கட்டியை உடைத்து உதிர்க்கிறார்கள்.

இந்த உறை முன்விளிம்பை ஒட்டிய குறுகிய பட்டை மட்டுமே. அது எவ்வளவு அகலம் இருந்தால் போதும்? துளிகள் இறக்கையில் எதுவரை மோதும் என்பதைப் பொறுத்தது அது. எதுவரை மோதும் என்பது துளியின் அளவைப் பொறுத்தது. இங்கேதான் விதி குறுக்கிடுகிறது.

விதி சொன்னது என்ன?

அமெரிக்க விமானத் தகுதி விதிகளின் 25ஆம் பகுதியில் 'இணைப்பு சி' என்று ஒரு பிற்சேர்க்கை உண்டு. பனிக்கட்டி படியும் சூழலில் பறக்கத் தகுதி பெற விரும்பும் விமானம் எத்தகைய மேகங்களைத் தாங்கவேண்டும் என்று அது வரையறுக்கிறது. பரந்து கிடக்கும் படலமேகங்களில் துளியின் விட்டம் 15 முதல் 40 மைக்ரான் வரை. குவிமேகங்களில் 50 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த வரம்புக்குள் தேறிய விமானத்திற்குப் 'பனிக்கட்டி படியும் சூழலில் பறக்கலாம்' என்று சான்று கிடைக்கும்.

இந்த எண்கள் யாரோ அறையில் அமர்ந்து எழுதியவை அல்ல. 1940களில், நாசாவின் முன்னோடி நிறுவனமான என்.ஏ.சி.ஏ.வின் ஆய்வாளர்கள் மேகங்களுக்குள் பறந்து அளந்து பெற்றவை. வெவ்வேறு விட்டமுள்ள உருளைகளை விமானத்திற்கு வெளியே நீட்டிச் சுழலவிட்டு, ஒவ்வோர் உருளையிலும் படிந்த பனியை நிறுத்துப் பார்த்தனர். சிறு துளி காற்றோட்டத்துடன் வளைந்து தடித்த உருளையைத் தவிர்த்துவிடும். மெல்லிய உருளையில் மோதிவிடும். இந்த வேறுபாட்டிலிருந்து துளியின் அளவைக் கணக்கிட்டனர். திறமையான முறைதான். ஆனால் துளி பெரிதாகும்போது அது எல்லா உருளைகளிலும் ஏறத்தாழ ஒரேபோல் மோதும். அப்போது இம்முறையால் ஒரு பெரிய துளியை இன்னொரு பெரிய துளியிலிருந்து பிரித்தறிய இயலாது. மேலும் இந்த அளவு, அத்துளிக் கூட்டத்தின் நடுத்தர அளவைக் குறிப்பதாகும். கூட்டத்தில் அதைவிடப் பெரிய துளிகளும் உண்டு.

அந்த ஆய்வாளர்கள் பெரிய துளிகளை அறியாதவர்களும் அல்லர். 1949இல் அவர்கள் வெளியிட்ட பரிந்துரை அறிக்கையில், மேகவகைகளுடன் உறைமழையும் ஒரு தனி வகையாக இடம்பெற்றிருந்தது. அதன் துளி அளவு 1000 மைக்ரான். பின்னர் விதியாக்கியபோது மேகவகைகள் உள்ளே வந்தன. உறைமழை வெளியே நின்றுவிட்டது. விதியின் குறைபாடு இங்கே தொடங்குகிறது என்பது என் கருத்து.

பெரிய துளியின் இயல்பு

உறைதூறலின் துளி 200 முதல் 500 மைக்ரான் வரை இருக்கும். 50 மைக்ரான் துளியுடன் 200 மைக்ரான் துளியை ஒப்பிடுவோம். விட்டம் நான்கு மடங்கு. நிறை 64 மடங்கு. காற்றோட்டம் வளையும்போது தானும் வளையாமல் நேரே செல்லும் இயல்பு, விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப, ஏறத்தாழ 16 மடங்கு. ஆகவே இத்துளி முன்விளிம்போடு நில்லாமல் இன்னும் பின்தள்ளியும் மோதும்.

அடுத்து உள்ளுறை வெப்பத்தைக் கவனிப்போம். ஒரு கிராம் நீர் உறைந்தால் 80 கலோரி வெளிப்படும். துளி சுழிக்குக் கீழே 5 டிகிரியில் இருந்தால், அது மோதியவுடன் 5 கலோரிக்குத்தான் இடம் உண்டு. அதாவது பதினாறில் ஒரு பங்கு நீரே உடனடியாக உறையும். எஞ்சிய பகுதி, காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லும் வரை நீராகவே இறக்கையின்மேல் வழிந்தோடும். பெரிய துளி நிறைய நீரைக் கொண்டுவருவதால், அது ரப்பர் உறையைத் தாண்டிப் போய் அப்பால் உறைகிறது. அங்கே அதை உடைக்க எதுவும் இல்லை. உறை தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருக்க, அதன் பின்னால் பனிக்கட்டி வரப்பாக உயர்கிறது.

ரோஸ்லான் விபத்து

1994 அக்டோபர் 31 அன்று இண்டியானாபோலிசிலிருந்து சிகாகோவுக்கு ஏடிஆர்-72 விமானம் ஒன்று புறப்பட்டது. சிகாகோவில் நெரிசல். 10,000 அடி உயரத்தில் வட்டமிட்டுக் காத்திருக்குமாறு பணிக்கப்பட்டது. ஏறத்தாழ அரை மணி நேரம் அது உறைதூறலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பிளாப்புகள் 15 டிகிரி இறக்கப்பட்டிருந்தன. இதனால் விமானத்தின் மூக்கு சற்றுத் தாழ்ந்து, துளிகள் இறக்கையின் மேற்பரப்பில் மேலும் பின்தள்ளி மோத வழி ஏற்பட்டது.

பிறகு 8,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. இறங்கும்போது வேகம் கூடவே பிளாப்புகள் உள்ளிழுக்கப்பட்டன. மூக்கு உயர்ந்தது. பனிவரப்புக்குப் பின்னால் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்தது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும் அசையும் பலகைக்கு எய்லரான் என்று பெயர். ஏடிஆர் விமானத்தில் அது கம்பிவடத்தால் விமானியின் கைப்பிடியோடு நேராக இணைக்கப்பட்டது. பிரிந்த காற்றோட்டத்தின் தாழ்ந்த அழுத்தம் எய்லரானைத் தானே இழுத்துத் திருப்பிவிட்டது. தானியங்கி ஓட்டி விலகிக்கொண்டது. விமானம் வலப்புறம் புரண்டு, இண்டியானா மாநிலத்தின் ரோஸ்லான் அருகே சோயா வயலில் விழுந்தது. அதில் இருந்த 68 பேரும் மாண்டனர்.

அந்த விமானம் சான்று பெற்ற விமானம். அதன் ரப்பர் உறைகளும் இயங்கிக்கொண்டிருந்தன. விபத்துக்குப் பின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், நீர் தெளிக்கும் விமானம் ஒன்றின் பின்னே இதே வகை விமானத்தைப் பறக்கவிட்டுப் பெரிய துளிகளைப் பொழிந்து சோதித்தனர். உறைகளுக்குப் பின்னால் வரப்பு உருவானது.

எச்சரிக்கை முன்பே இல்லாமலும் இல்லை. 1987 அக்டோபர் 15இல் இத்தாலியில் ஏடிஆர்-42 விமானம் ஒன்று பனிக்கட்டி படிந்த நிலையில் விழுந்து 37 பேர் இறந்தனர். 1996இல் ரோஸ்லான் குறித்து அறிக்கையளித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானத்தைத் தயாரித்த நிறுவனத்தையும் பிரெஞ்சு, அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகளையும் குறை கூறியது. உறைமழை, உறைதூறல் ஆகியவற்றின் ஆபத்தைத் தகுதி விதிகள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பதும் அக்குறைகளுள் ஒன்று.

காத்திருக்கச் சொன்ன வழிமுறை

இன்னொரு வழிமுறையையும் இங்கே சொல்ல வேண்டும். ரப்பர் உறையை முன்கூட்டியே உப்பச் செய்தால், மெல்லிய பனிக்கட்டி உடையாமல் வளைந்து கூடுபோல் நின்றுவிடும், பிறகு உறை அதற்குள் வீணே உப்பிச் சுருங்கும் என்று நெடுங்காலம் நம்பினர். ஆகவே கால் அங்குலம், அரை அங்குலம் படியும் வரை பொறுத்திருக்க விமானிகளுக்குக் கற்பிக்கப்பட்டது.

1997 ஜனவரி 9இல் மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ அருகே எம்பிரேயர்-120 விமானம் விழுந்து 29 பேர் இறந்தனர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத, மெல்லிய, சொரசொரப்பான பனிப்படலமே இறக்கையின் ஏற்றுவிசையைக் குலைத்திருந்தது. உறைகள் இயக்கப்படவில்லை. பனிக்கட்டியின் முதல் அறிகுறியிலேயே உறையை இயக்குமாறு தயாரிப்பாளர் 1996இலேயே கையேட்டைத் திருத்தியிருந்தார். கூடு கட்டும் என்ற பழைய அச்சத்தால் அத்திருத்தம் விமானிகளின் நடைமுறைக்கு வரவில்லை. நவீன உறைகளில் அப்படிக் கூடு கட்டுவதற்குச் சோதனைச் சான்று கிடைக்கவில்லை. தொடக்கத்திலேயே உறையை இயக்கவேண்டும் என்பதை அமெரிக்க நிர்வாகம் 2011இல்தான் இயக்க விதியாக்கியது.

முதல் விதி அளந்ததற்கு மேல் எதையும் ஏற்கவில்லை. இரண்டாவது வழிமுறையோ அளக்காமலே ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டிலும் விலை கொடுத்தவர்கள் பயணிகள்.

திருத்தங்களும் எஞ்சிய குறையும்

விதி வகுத்தோர் கைகட்டி நின்றனர் என்று சொன்னால் அது நியாயமாகாது. ரோஸ்லானுக்குப் பின் ஏடிஆர் விமானங்களின் உறைகள் பின்னோக்கி அகலப்படுத்தப்பட்டன. 1996இல், கடுமையான பனிப்படிவின் அறிகுறிகள் கண்டவுடன் அப்பகுதியை விட்டு வெளியேறவேண்டும், தானியங்கி ஓட்டியை நம்பியிருக்கக் கூடாது என ஆணைகள் பிறந்தன. நல்ல ஆணைகளே. ஆனால் பக்கச் சன்னலில் பனி படிகிறதா, உறைக்கு அப்பால் பனி தெரிகிறதா என்று இரவிலும் மேகத்திலும் உற்றுப் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு விமானியின் தலையில் விழுந்தது. வடிவமைப்பின் குறையைக் கண்ணின் கூர்மையால் ஈடுகட்டச் சொல்வது நிலையான தீர்வாகாது.

பெரிய துளிகளுக்கான 'இணைப்பு ஓ' 2014 நவம்பரில் வெளியாகி 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ரோஸ்லானுக்கும் இதற்கும் இடையே 20 ஆண்டுகள். ஐரோப்பாவும் 2015இல் இத்தகைய விதியை ஏற்றது. 60,000 பவுண்டுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களும், கம்பிவடத்தால் நேராக இயங்கும் கட்டுப்பாடுகள் கொண்டவையும் இதில் அடங்கும். பெரிய துளிகளைத் தாங்கிப் பறக்கலாம். அல்லது அவற்றை உணர்ந்தவுடன் பத்திரமாக வெளியேறும் திறனை மெய்ப்பிக்கலாம். அறிவுக்கு உகந்த ஏற்பாடு. ஆனால் இது புதிதாகத் தகுதி கோரும் வடிவமைப்புகளுக்கே பொருந்தும். பழைய சான்றுடன் பறப்பவை பல்லாண்டுகள் பறந்துகொண்டுதான் இருக்கும். அவற்றின் பாதுகாப்பு கருவிகளின் எச்சரிக்கையையும் விமானியின் உடனடிச் செயலையும் நம்பியே நிற்கிறது.

2024 ஆகஸ்ட் 9இல் பிரேசிலின் வின்யேடு நகரில் ஏடிஆர்-72 விமானம் சுழன்று விழுந்து 62 பேர் இறந்தனர். அடுத்த மாதம் வந்த முதற்கட்ட அறிக்கையின்படி, பனிக்கட்டியை உணரும் கருவி எச்சரித்தது. உறைகள் பலமுறை இயக்கப்பட்டு நிறுத்தப்பட்டன. வேகம் குறைவு, வேகத்தைக் கூட்டுக என்ற எச்சரிக்கைகளும் எழுந்தன. முதற்கட்ட அறிக்கை காரணத்தைத் தீர்ப்பதற்கன்று. நாமும் தீர்க்க வேண்டாம். எச்சரிக்கை ஒலித்தும் விபத்து நேர்ந்தது என்ற அளவிலேயே அது நம்மைச் சிந்திக்க வைக்கப் போதுமானது.

செய்யத்தக்கது யாது? பழைய வடிவமைப்புகளையும் புதிய துளி அளவுகளைக் கொண்டு மறுபடி ஆராய்ந்து, அவை எந்த வானிலைக்குள் செல்லக்கூடாது என்பதை விமானியின் கண்ணளவுக்கு விடாமல், புறப்படும் முன்பே எண்களில் வரையறுக்க வேண்டும். ஒவ்வொரு சான்றிதழிலும், எது சோதிக்கப்பட்டது என்பதோடு எது சோதிக்கப்படவில்லை என்பதையும் எழுத வேண்டும். 'பனிக்கட்டி படியும் சூழலில் பறக்கலாம்' என்ற சொற்றொடரை '50 மைக்ரான் வரை' என்று சேர்த்துப் படித்திருந்தால், அரை மணி நேரம் தூறலில் காத்திருக்கச் சொல்லுமுன் யாரேனும் தயங்கியிருக்கக் கூடும்.

ஆய்வகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் அளவிடும் வீச்சு எது என்று குறித்துக்கொள்ளும்படி மாணவர்களை வற்புறுத்துகிறோம். 'இதையெல்லாம் எதற்கு எழுதவேண்டும்?' என்று சலித்துக்கொள்ளும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்களுக்கு ரோஸ்லான் விபத்தின் கதையைச் சொல்லலாம்.