திரைத் தட்டச்சும் தமிழ் எழுத்தும்

ஊடாட்டப் புனைவுகளில் உரையை எழுத்தெழுத்தாகத் தோற்றுவிக்கும் தட்டச்சு உத்தி, வாசகரைக் காத்திருக்கச் செய்யும் எடுத்துரைப்புக் கருவியாகும். ட்வைன் போன்ற மென்பொருள்களில் இதனைச் சில வரி நிரலால் அமைத்துவிடலாம். அந்நிரல் தமிழைக் கையாளும் முறையே ஆய்வுக்குரியது.

நீலகிரித் தேயிலைத் தோட்ட அலுவலகக் கடிதமொன்று புனைவில் இவ்வாறு திரையில் விரிவதாகக் கொள்ளலாம். அதில் வரும் 'கோத்தகிரி' என்னும் ஊர்ப்பெயர் தமிழ் மரபில் ஐந்து எழுத்து. ஒருங்குறியில் ஒன்பது குறியீடுகள். நிரல் குறியீடுகளையே எண்ணினால் முதலில் 'க' தோன்றும். மறுகணம் இடப்புறம் இரட்டைக்கொம்பும் வலப்புறம் காலும் சேர, தோன்றிய ககரம் விலகி நகரும். 'தேயிலை'யின் ஈறும் 'ல' என நின்று பின்னரே 'லை' ஆகும். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் இது நிகழாது. அங்குக் கொம்பை அடித்த பின்னரே ககரம் அடிக்கப்படும். தாளில் பதிந்த எழுத்து இடம்பெயர்வதில்லை. தட்டச்சைப் போலச்செய்ய வந்த உத்தி தட்டச்சுக்கே பொருந்தாமற் போகிறது.

காலக்கணக்கு இதனினும் சிக்கலானது. தொல்காப்பியம் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என மாத்திரை வகுக்கிறது. இந்நிரலிலோ ஒரு மாத்திரை பெறும் 'த' ஒரு குறியீட்டு நேரத்தையும், அரை மாத்திரையே உடைய 'த்' அதன் இருமடங்கையும் எடுத்துக்கொள்கின்றன. நெடிலாகிய 'கோ' இரண்டு பெறுவது தற்செயலே.

உரையை எழுத்துக்கொத்துகளாகப் பகுக்கும் வசதி இன்றைய உலாவிகளில் உண்டு. அதனால் முதற்குறை நீங்கும். எனினும் எல்லாக் கொத்துக்கும் சமநேரமே அளிக்கப்படுமாயின், மெய்யும் நெடிலும் அங்கு ஒன்றாகவே ஒலிக்கும். மாத்திரைக்கேற்ப இடைவெளியை வகுப்பது புனைவாசிரியரின் பணியாக எஞ்சுகிறது.