'தண்ணீரில்லாக் காடு': ஒரு தொடரின் பொருளாராய்ச்சி

சேய்மைக்கண் உள்ள ஊரை இழித்துக் கூறும் தொடர்கள் மொழிகள் பலவற்றிலும் உள. எட்டாத் தொலைவைக் குறிக்க ஆங்கிலேயர் மாலி நாட்டு டிம்பக்டுவின் பெயரை ஆள்வர். அவ்வூரோ 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கல்விக்கும் கையெழுத்துச் சுவடிகளுக்கும் பேர்பெற்று விளங்கியது. இதற்கு இணையாகத் தமிழில் வழங்கும் 'தண்ணீரில்லாக் காடு' என்னும் தொடரை ஈண்டு ஆராய்வோம்.

'பட்டிக்காடு' ஊரின் சிறுமையைச் சுட்டும். 'தண்ணீரில்லாக் காடு' தண்டனையைச் சுட்டும். மேலலுவலர் தம் கீழ்ப் பணிபுரிவோரை இடமாற்றம் கூறி அச்சுறுத்தும்போதே இது பெரிதும் வழங்கும். அக் காடாகக் கருதப்பட்டது பழைய இராமநாதபுரம் மாவட்டம். 1910-இல் அமைந்த அம் மாவட்டம் 1985-இல் பிரிக்கப்பட்டபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்தன. தொடரின் நிழல் மட்டும் நீங்கிற்றில்லை.

'இல்லா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆராய்தற்குரியது 'காடு' என்னும் சொல்லே. அலுவலர் வாயில் அது ஆளற்ற வெளி. கரிசல் உழவர் வழக்கில் அது விளைநிலம். 'காட்டுக்குப் போகிறேன்' என்பார், பருத்தியும் கம்பும் விளையும் தம் புன்செய்க்கே செல்கின்றார்.

வறட்சி பொய்யோ எனின், அன்று. வடகிழக்குப் பருவமழை பொய்ப்பின் இந் நிலம் வாடும். ஆயினும், நீர் அரிதாகிய இடத்திலேயே நீரைப் பேணும் அறிவு பெருகும். கண்மாயும் ஊருணியும் அவ் அறிவின் பெயர்களாகும். ஒப்புரவாளன் செல்வத்திற்கு வள்ளுவர் உவமையாக்கியதும் ஊருணியையே. குண்டாற்றங்கரைத் திருச்சுழியின் பெயரோ நீர்ச்சுழியைக் குறிப்பது. பெருவெள்ளத்தை இறைவன் சுழித்து நிலத்துள் செலுத்தினான் என்பது தலபுராணம். சுந்தரர் பாடிய அத் திருப்பதியிலேயே 1879-இல் இரமண மகரிஷி பிறந்தார்.

புறநானூற்றுப் புலவர் வன்புலத்துச் சீறூர்களின் வறுமையை மறைத்தாரல்லர்; அவ்வறுமையிடையே நிகழ்ந்த விருந்தோம்பலையும் உடன்பாடினர். வறுமையைக் கூறுதல் வேறு. வறியோர் நிலத்தை இழித்தல் வேறு. இவ் வேறுபாட்டையே இத் தொடர் அழித்துவிடுகின்றது.

ஆதலின், இத் தொடர் நிலத்தின் இயல்பைவிட அதனைச் சொல்வோர் நிற்கும் இடத்தையே மிகுதியும் உணர்த்துகின்றது எனலாம். கரிசல் இலக்கியம் கற்போர்க்கு இது சிறுசெய்தி அன்று. 'காடு' என வருமிடமெல்லாம் வனம் என்றே பொருள்கொள்ளின், அக் காட்டை உழுதவன் நூலினின்றும் மறைந்துபோவான்.