படித்துச் சொல்வதும் கேட்டுச் சொல்வதும்

‘இந்த நூலைப் படியுங்கள்’ என்று ஒருவர் தம் நண்பரிடம் சொல்வது எளிய செயலாகத் தோன்றும். உண்மையில் அச்சொல் ஒரு சாட்சியம். ‘நான் படித்தேன், பயன் பெற்றேன், உமக்கும் அது உதவும்’ என்னும் மூன்று செய்திகளை அது ஒருங்கே உரைக்கிறது. முதற்செய்தி பொய்த்துவிட்டால் மற்ற இரண்டும் நில்லா.

சில ஆண்டுகளுக்கு முன், கோவில்பட்டிப் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், தம் கரிசல் மண்ணைப் பற்றிய நாவல் ஒன்றைக் கூறுமாறு கேட்டார். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ என்றோம். பத்து நாட்கள் கழித்து வந்தார். “உஸ்தாத், சென்னாதேவியை மணக்க விரும்பும் அந்தத் துலுக்க ராஜாவின் கதையை நாம் எப்படி எடுத்துக்கொள்வது?” என்றார். நமக்கு விடை தெரியவில்லை. அந்நூலைப் பற்றிப் பலர் எழுதியவற்றைப் படித்திருந்தோமே தவிர, நூலைப் படித்திருக்கவில்லை. மாணவர் அதை உணர்ந்துகொண்டார். மரியாதையின் பொருட்டு மேலே எதுவும் கேளாமல் சென்றார்.

ஹதீஸ் கலையில் இக்குற்றத்திற்குப் பெயருண்டு. தாம் சந்தித்த ஒருவரிடமிருந்து நேரில் செவியுறாத செய்தியைச் செவியுற்றது போன்ற தோற்றம் தரும் சொற்களால் அறிவிப்பது ‘தத்லீஸ்’ எனப்படும். ‘நான் கேட்டேன்’ என்பதற்கும் ‘இன்னாரிடமிருந்து’ என்பதற்கும் இடையிலுள்ள நுண்ணிய வேற்றுமையை முஹத்திஸ்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்தனர். அதனை வகுப்பில் கற்பிக்கும் நாமே நூற்பரிந்துரையில் தத்லீஸ் செய்தோம். இன்று நூல்களைப் பற்றி நடைபெறும் உரையாடல்களில் பெரும்பகுதி இவ்வகையினதே என்னும் ஐயம் நமக்குண்டு.

இவ்வகையில் கரிசல் மண்ணே நமக்கொரு நல்ல முன்மாதிரியை வைத்திருக்கிறது. கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள இடைசெவல் என்னும் சிற்றூர் இரண்டு பெரும் எழுத்தாளர்களைத் தந்தது. ஒருவர் கு. அழகிரிசாமி (1923–1970), மற்றவர் 2021 மே மாதம் மறைந்த கி. ராஜநாராயணன். இளமை முதல் நண்பர்களான இருவரும் புத்தகத்தையும் இசையையும் ஒன்றாகவே நுகர்ந்தனர். அழகிரிசாமி பத்திரிகைப் பணியின் பொருட்டுச் சென்னைக்கும், 1950களில் மலாயாவுக்கும் சென்றார். கி.ரா. ஊரிலேயே தங்கி வேளாண்மை பார்த்தார். பிரிவு அவர்களுடைய உரையாடலைக் கடிதமாக்கியது. அழகிரிசாமி தமக்கு எழுதியவற்றைக் கி.ரா. பின்னர் நூலாக்கித் தந்தார்.

அக்கடிதங்களை வாசிக்கும்போது நம்மைக் கவர்வது புலமையன்று, உரிமையே. படித்ததைச் சொல்வதும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று கூறுவதும், கம்பனையும் சங்கீதத்தையும் வீட்டுச் செய்திகளோடு கலந்து பேசுவதும் அவற்றின் இயல்பு. எதிரே இருப்பவர் தம்மைச் சோதிப்பார் என்னும் அச்சம் அங்கே இல்லை. ஆதலின் படிக்காததைப் படித்ததாகக் காட்டும் தேவையும் எழவில்லை. பள்ளிக் கல்வியை இடையில் விட்ட கி.ரா., 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வருகைதரு பேராசிரியராக அமர்ந்ததற்குப் பின்னே இத்தகைய நட்பின் பயிற்சி இருந்தது. எனினும் நூலில் நமக்குக் கிடைப்பது உரையாடலின் ஒரு பாதியே. மறுபாதியை வாசகர் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது. தோழமையின் ஆவணம் என்று இதனைப் போற்றுவோர் இக்குறையையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

அடுத்த தலைமுறையில் கோவில்பட்டிக் காந்தி மைதானம் அவ்விடத்தைப் பெற்றது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் தேவதச்சன், ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, உதயசங்கர் முதலியோர் மாலை வேளைகளில் கூடி நூல்களைப் பற்றிப் பேசிய இடம் அது. தீப்பெட்டித் தொழிலும் பஞ்சாலையும் கடலைமிட்டாயும் அறியப்பட்ட வானம் பார்த்த பூமியில், பூமணி 2014இலும் சோ. தர்மன் 2019இலும் சாகித்திய அகாதெமி விருது பெறும் அளவுக்கு எழுத்து விளைந்ததை வியப்போர் பலர். விளைச்சலை வியப்பவர்கள் உழவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கைமாறிய புத்தகமும் நெடுநேரப் பேச்சுமே அவ்வுழவு.

ஆனால் நூலன்பர் கூட்டங்களைக் குறையற்றவை என்று கொள்வது திறனாய்வாகாது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி, தமிழ்க் கவிதையை அனுபவித்துப் பேசும் முறையை ஒரு தலைமுறைக்கே கற்பித்தது. அதே ரசனை, தமக்கு உகந்ததாகத் தோன்றாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கும் அளவுக்கும் சென்றது. ஒருவர் சுவைத்ததைப் பிறருக்கு எடுத்துரைப்பது பரிந்துரை. தாம் சுவைக்காததைப் பிறர் கண்ணிலிருந்தே அகற்றுவது அதிகாரம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை மெல்லியது. அன்பினாலேயே அது மிகுதியும் மீறப்படுகிறது.

இவ்வட்டங்களில் ஆடவர் குரலே ஓங்கி ஒலித்ததும் மற்றொரு குறை. நம் இல்லங்களில் பெண்டிர் கூடியிருந்து கிஸ்ஸாக்களையும் முனாஜாத்துகளையும் பெண்புத்தி மாலையையும் ஓதிக் கேட்ட மரபு இருந்தது. அவர்களும் நூலன்பர்களே என்று நம் இலக்கிய வரலாறு இன்னும் உரத்துச் சொல்லவில்லை.

அரபு இலக்கியத்தில் இவ்வகைக்கு ஒரு பேரேடு உண்டு. அபூ ஹய்யான் அத்தவ்ஹீதியின் ‘அல்இம்தாஉ வல் முஆனஸா’, அமைச்சர் இப்னு ஸஃதானின் இரவு அவையில் நிகழ்ந்த உரையாடல்களின் தொகுப்பு. ‘இன்புறுத்தலும் அளவளாவலும்’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். ஓரிரவு, ‘இக்வானுஸ் ஸஃபா’ என்போரின் நிருபங்களைப் பற்றிப் பேச்செழுகிறது. அவற்றுள் சிலவற்றைத் தாம் கண்டதாகக் கூறும் தவ்ஹீதி, அவற்றைத் தம் ஆசிரியர் அபூ ஸுலைமான் ஸிஜிஸ்தானியிடம் கொடுத்ததையும் தெரிவிக்கிறார். ஆசிரியர் பல நாட்கள் அவற்றை ஆராய்ந்த பின்னரே கருத்துரைத்தார். அக்கருத்தும் கடுமையாகவே இருந்தது. அதனை ஏற்பதும் மறுப்பதும் வேறு. நாம் இங்கே கருதுவது வரிசையை மட்டுமே: முதலில் வாசிப்பு, பின்னர் தீர்ப்பு.

இவ்வரிசை நம் சமூகத்தில் தலைகீழாகி வருகிறது. ஒரு நாவலில் ஒரு பக்கம் நமக்கு உவப்பில்லை என்று கேள்வியுற்ற அளவில் அந்நூல் முழுவதையும் விலக்குகிறோம். நம்மவர் எழுதியது என்னும் அளவில் மற்றொன்றைப் படியாமலே புகழ்கிறோம். தோப்பில் முஹம்மது மீரானின் எழுத்து நம் சமூகத்துக்குள்ளேயே இவ்விரு வகையினரையும் சந்தித்தது. இரு சாராரும் செய்வது ஒரே தவறுதான்.

மாணவரின் வினாவுக்கு மீள்வோம். அவர் சென்ற பின் நாம் ‘கோபல்ல கிராம’த்தைப் படித்தோம். 1976இல் வெளிவந்த அந்நாவலில், அரசனிடமிருந்து தப்பித் தெற்கே ஓடிவந்த கதையைச் சொல்பவர் நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள். புலம்பெயர்ந்த மக்கள் தம் தோற்றத்தைப் பற்றிப் பேணிவந்த வாய்மொழி நினைவு அது. வரலாற்று நூலுக்குரிய சான்றுகளோடு அது பேசவில்லை. ஓடிவரும் வழியில் நிகழும் அற்புதங்களும் அதே குரலிலேயே சொல்லப்படுகின்றன. ஆகவே அதனைச் சரித்திரம் என்று கொண்டு சினப்பதும், சரித்திரம் என்று கொண்டு நம்மீது சுமத்துவதும் ஒருங்கே பிழை. அதே வேளையில், அரசனின் தரப்பு அக்கதையில் பேசுவதில்லை என்பதையும், முஸ்லிம் வாசகர் அப்பக்கங்களில் சற்றே தயங்கி நிற்பார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய எளிய மக்களின் உழைப்பையும் நகையுணர்வையும் அந்நூல் போலச் சொன்னவை சிலவே. தயக்கத்தையும் சொல்லி, சிறப்பையும் சொல்லி, ‘படியுங்கள்’ என்பதே நேர்மையான பரிந்துரை.

இதே கரிசல் பூமி நமக்கு வேறொரு நினைவையும் தருகிறது. கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார் உமறுப் புலவர். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் கடிகைமுத்துப் புலவர். காப்பியம் இயற்றத் தூண்டியவர் வள்ளல் சீதக்காதி. நபிகளாரின் வரலாற்றைச் சதக்கத்துல்லா அப்பா போன்ற மார்க்க அறிஞரின் வழியே புலவர் அறிந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அரபு நூல்களில் இருந்ததை அறிந்தோர் எடுத்துரைக்க, தமிழறிந்தவர் செவிமடுத்தார். 5027 விருத்தங்களாகச் சீறாப்புராணம் எழுந்தது. சமயம் வேறான ஆசிரியரும், மொழி வேறான நூலும், கேட்கத் தெரிந்த செவியும் ஒன்றுகூடியதால் விளைந்த காப்பியம் அது. கோபல்ல கிராமத்தின் அரசனையும் எட்டயபுரத்தின் புலவரையும் ஒரே மண் தன் நினைவில் வைத்திருக்கிறது. இரண்டையும் அறிந்தவரே அம்மண்ணை அறிந்தவராவார். ஒன்றை மட்டும் பரிந்துரைப்பவர் பாதியை மறைத்தவராவார்.

இவற்றையெல்லாம் நாம் மாணவருக்குக் கடிதமாக எழுதினோம். முதல் வரியில், அன்று நாம் படிக்காமல் சொன்னதை ஒப்புக்கொண்டோம். அவர் மறுமொழியில் நம் விளக்கத்தில் ஓரிடத்தை மறுத்திருந்தார். அரசனைப் பற்றிய அப்பகுதி கதைசொல்லியின் குரல் மட்டுமன்று, ஆசிரியரின் தேர்வும்தான் என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. இன்னும் அவருக்கு முழு விடை நாம் எழுதவில்லை. நூலை மறுமுறை படித்துவருகிறோம்.

இப்போதெல்லாம் எவரேனும் நூல் கேட்டால், ‘படித்தேன்’, ‘கேள்விப்பட்டேன்’ என்னும் இரண்டில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பட்டியல் சுருங்கிவிட்டது. உரையாடல் நீண்டிருக்கிறது.