திண்டிவனம் டெப்போவும் நிறுவனப் பொருளியலும்

எல்லாம் விலைக்குக் கிடைக்கும் சந்தை இருக்கும்போது, ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்து, மேலாளரைப் போட்டு, வருகைப் பதிவேடு வைத்து ஒரு நிறுவனத்தைக் கட்டி மேய்ப்பானேன்? 1937இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் இதைக் கேட்டார். ஒவ்வொரு வேலைக்கும் ஆள் தேடுவது, விலை பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது, செய்தார்களா என்று பார்ப்பது எல்லாமே செலவுதான். உள்ளே வைத்துச் செய்வது அதைவிட மலிவாகும் இடத்தில் நிறுவனம் பிறக்கிறது என்று அவரே பதிலும் சொன்னார். அதன் அருமை தெரிந்து நோபல் பரிசு வர 1991 ஆயிற்று. நிறுவனப் பொருளியல் என்ற இத்துறைக்கு இன்று பல கிளைகள். பாடநூல்களோ இன்னும் ஜெனரல் மோட்டார்ஸையும் டூபாண்டையும் விட்டு நகரவில்லை. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கோஸின் வழியில் வந்தவர் 2009இல் நோபல் பெற்ற ஆலிவர் வில்லியம்சன். அவர் சொன்னது விழுப்புரம் பக்கத்து முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாசலில் டிராக்டரோடு நிற்கும் விவசாயிக்கு நன்றாகவே தெரியும். வெட்டிய கரும்பு நேரம் போகப் போக எடையும் சர்க்கரைச் சத்தும் இழக்கும். தொலைவிலுள்ள ஆலைக்கு ஏற்றினால் வாடகையே தின்றுவிடும். ஆலைக்கும் அக்கம்பக்கத்துக் கரும்பு வராவிட்டால் அரவை இயந்திரத்தால் வேறு பயன் இல்லை. ஒருவர் பிடியில் மற்றவர். ஆலை வெட்டு உத்தரவைத் தள்ளிப்போட்டால் விவசாயி தவிப்பார். கரும்பு வெல்ல ஆலைக்குத் திரும்பினால் சர்க்கரை ஆலை தவிக்கும். இந்த உறவைச் சந்தையின் போக்குக்கு விட முடியாது. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் உள்ள ஒதுக்கீட்டுப் பகுதி, 14 நாளில் பணம், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி ஆகிய விதிகள் இதற்கான மருந்துதான். பெரியசெவலை செங்கல்வராயன் கூட்டுறவு ஆலை இன்னொரு மருந்து: கரும்பு போடுபவரையே பங்குதாரர் ஆக்கிவிடுவது. ஏட்டில் இதுவே சிறந்தது. நடைமுறையில் தமிழகக் கூட்டுறவு ஆலைகளிலும் நிலுவை நின்றதுண்டு.

ஆனால் இத்துறையின் கிளைகள் பலவும் ஒருசேர வந்து நிற்கும் இடம், விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம். 1972இல் பேருந்துகள் அரசுடைமையானபோது பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் கழகங்கள் வந்தன. 1975இல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் கழகம். பிறகு வேலூருக்கு ஒன்று, காஞ்சிபுரத்துக்கு ஒன்று என்று மாநிலத்தில் 20ஐத் தாண்டியது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் நீங்கின; அடுத்து இணைப்புகள். இன்று மொத்தம் 8 கழகங்கள். வேலூரும் காஞ்சிபுரமும் விழுப்புரத்தின் ஆறு மண்டலங்களில் இரண்டு. பெரிய நிறுவனத்தைத் தனிக்கணக்குள்ள பிரிவுகளாக உடைப்பதன் நன்மையை ஆல்பிரட் சாண்ட்லர் 1962இல் எழுதினார். நாம் உடைத்ததையும் ஒட்டியதையும் பார்த்தால், சாண்ட்லரைவிட அரசியலுக்கே அதில் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது.

நம் பேருந்துகள் அரசுடைமையான அதே 1972இல்தான் பொருளியலாளர்கள் ஆல்ச்சியனும் டெம்செட்சும் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். பலர் கூடிச் செய்யும் வேலையில் யார் எவ்வளவு உழைத்தார் என்று பார்க்கும் மேற்பார்வையாளரை யார் மேற்பார்ப்பது? மிச்சமாகும் லாபத்தை அவருக்கே கொடுத்துவிடு என்றார்கள். செஞ்சி சாலையில் ஓடும் பேருந்தில் ஏறும் டிக்கெட் பரிசோதகருக்கோ மாதச் சம்பளம்தான். ஆகவே கண்காணிப்பின் ஒரு பகுதியைக் கலெக்‌ஷன் பேட்டா ஏற்றுக்கொள்கிறது: வசூல் கூடினால் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் படி கூடும். தனியார் பஸ் முதலாளிகள் எந்தக் கட்டுரையும் படிக்காமலே அறிந்திருந்த சூத்திரம் இது.

இதன் ஆபத்தைச் சொன்னவர்கள் ஹோம்ஸ்ட்ரோமும் மில்க்ரமும் (1991). அளக்க முடிந்த வேலைக்குப் பரிசு கொடுத்தால் அளக்க முடியாத வேலை கைவிடப்படும். கழகத்தின் அளவுகோல்களைப் பாருங்கள்: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை பிரேக்டவுன். நல்ல அளவுகோல்கள்தாம். மரக்காணம் பக்கத்துக் கிராமத்தில் காலை பஸ் நின்றதா, நிற்காமல் போனதா என்பதற்கு இவற்றில் இடமில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, கைகாட்டும் பெண்களைப் பார்த்தும் பஸ் நிற்பதில்லை என்று மாநிலமெங்கும் புகார் எழுந்தது. அதை ஓட்டுநரின் குணக்கேடு என்று பலர் திட்டினார்கள். கோட்பாடு தெரிந்தவர் முதலில் பேட்டா கணக்கைக் கேட்டிருப்பார்.

ஹங்கேரியரான யானோஸ் கோர்னாய் இன்னொரு நோயைச் சுட்டினார். நட்டம் எவ்வளவானாலும் அரசு ஈடுகட்டும் என்று தெரிந்த நிறுவனம் சிக்கனத்தை மறக்கும் என்றார். நம் கழகங்களை இந்தக் கோலால் மட்டும் அளப்பது நியாயமில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. கூட்டம் இல்லாத தடத்திலும் பஸ் விடச் சொல்வதும் அரசு. டீசலை மிச்சம் பிடிப்பது மட்டுமே பணிமனையின் கையில். இரண்டும் ஒரே நட்டக் கணக்கில் கலந்து கிடக்கும்வரை திறமையான டெப்போவும் சோம்பேறி டெப்போவும் ஒன்றாகவே தெரியும். உரிமையாளர் முடிவால் வந்த இழப்பு வேறு, வேலையால் வந்த இழப்பு வேறு என்று பணிமனைவாரியாகப் பிரித்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் வணிகவியலும் பொருளியலும் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வேட்டுக்கு ஜெனரல் மோட்டார்ஸை விட்டுவிட்டுத் திண்டிவனம் டெப்போவின் ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.