கடன் வேறு, வருவாய் வேறு

நல்லெண்ணத்தில் பிறந்த திட்டங்கள் யாவும் நற்பயன் விளைவித்துவிடுவதில்லை. எண்ணத்தைப் போற்றும் அதே வேளையில் பயனை அளந்து பார்ப்பதும் அறிவுடையோர் கடமையாகும். அவ்வாறு அளந்து பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று, வறுமை நோய்க்கு மருந்தெனப் போற்றப்பட்ட நுண்கடன் திட்டம். ஈடு வைக்க ஏதுமற்ற ஏழை மக்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, சிறு தொகையைக் கடனாக அளித்து, பெரும்பாலும் வாரத் தவணைகளில் திரும்பப் பெறுவதே இத்திட்டம்.

இதன் தோற்றம் உள்ளத்தை உருக்குவது. 1974ஆம் ஆண்டு வங்காளதேசத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த முகம்மது யூனுஸ், வகுப்பறைக் கோட்பாடுகளால் பசி தீராமை கண்டு, அருகிலிருந்த ஜோப்ரா என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள், மூங்கில் வாங்கப் பணமின்றி வணிகரிடம் கடன்பட்டு, அவர் சொன்ன விலைக்கே முக்காலியை விற்று வந்தனர். 1976இல் அவ்வூரார் 42 பேரின் கடன் தளையை அறுக்க யூனுஸ் தம் பையிலிருந்து அளித்த தொகை ஏறத்தாழ 27 அமெரிக்க டாலரே. அவ்விதை 1983இல் கிராமின் வங்கியாக முளைத்தது. 2006இல் அவ்வங்கியும் யூனுசும் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மலேசியாவில் 1987இல் நிறுவப்பெற்ற அமானா இக்தியார் இவ்வங்கியை முன்மாதிரியாகக் கொண்டதே.

இத்திட்டத்தைப் போற்றுவோர் காட்டும் முதற்சான்று, கடன் தவறாமல் திரும்பி வருகிறது என்பதாகும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வசூலாவதாக நிறுவனங்கள் பெருமையுடன் அறிவித்தன. இச்சான்று கடன் கொடுத்தவரின் நலத்தைக் காட்டும். வாங்கியவரின் நலத்தைக் காட்டுமா? கடன் பெறுவோர் குழுவாகச் சேர்க்கப்படுகின்றனர். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் அவள் பங்கைச் செலுத்த நேரிடும். அல்லது அவர்கள் பெறவேண்டிய கடன் தடைப்படும். நிலமும் நகையும் இல்லாத அவ்விடத்தில் மானமே ஈடாகிவிடுகிறது. பிள்ளையின் பாலைக் குறைத்தோ, ஆட்டை விற்றோ, வேறொருவரிடம் கடன்பட்டோ அவள் தவணை கட்டியிருக்கலாம். நிறுவனத்தின் ஏட்டில் அதுவும் வெற்றியென்றே பதியப்படும்.

இவ்வுண்மையை இந்தியாவின் ஆந்திரப் பிரதேசம் துயரத்துடன் உணர்த்தியது. அங்கு ஒரே சிற்றூரில் பல நிறுவனங்கள் போட்டியிட்டுக் கடன் வழங்கின. ஒன்றன் தவணையைக் கட்ட மற்றொன்றில் கடன் வாங்கும் நிலை உண்டாயிற்று. 2010 ஆகஸ்டில் ஒரு பெரு நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் விற்பனைக்கு வந்தன. ஏழையின் தவணை முதலீட்டாளரின் ஆதாயமாயிற்று. கடன் தொல்லையால் பலர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வெளிவந்த நிலையில், அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் இயற்றி வசூல் முறைகளைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் தவணை கட்டுவது பெருமளவில் நின்றுபோயிற்று. 2011இல் இந்திய ரிசர்வ் வங்கி வட்டிக்கு 26 விழுக்காடு என உச்ச வரம்பு விதித்தது. 2022இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

அத்துமீறிய சிலரால் நேர்ந்த குற்றம் இது எனக் கூறி, திட்டத்தைக் காக்க முற்படுவோர் உளர். அவர்கள் ஐதராபாத்தில் நடந்த ஆய்வினை நோக்குதல் வேண்டும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் நடத்தி 2015இல் வெளியிட்ட அவ்வாய்வின்படி, முன்னரே தொழில் நடத்தியோர் சிலர் அதனை விரிவாக்கினர். வீட்டுக்கு நீடித்துழைக்கும் பொருள்களும் வாங்கப்பட்டன. ஆனால், குடும்பங்களின் மொத்தச் செலவு உயரவில்லை. பிள்ளைகளின் கல்வியிலோ பெண்களின் உரிமையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. வேறு ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இம்முடிவையே தந்தன.

காரணம் அறிவது அரிதன்று. ஒன்பது தையற்காரிகள் உள்ள தெருவில் பத்தாமவளுக்கு இயந்திரம் வாங்கக் கடன் தரலாம்; துணி தைக்கக் கொடுப்போரை யார் தருவர்? வாங்கிய கன்று வளர்ந்து பால் கறக்குமுன் தவணை வாயிலில் வந்து நிற்கிறது. கடன் என்பது நாளைய வருவாயை இன்றே செலவிடுவது. நாளைய வருவாயே இல்லாதவனுக்கு அது சுமையன்றி வேறென்ன?

மாற்று வழி வங்காளதேசத்திலேயே தோன்றியது. அந்நாட்டின் பிராக் தொண்டு நிறுவனம் 2002இல் மிக வறியோர்க்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஆடோ மாடோ கடனின்றி வழங்கப்பெற்றது. அதனைப் பேணும் பயிற்சியும், தொடக்கத்தில் உணவுச் செலவுக்குச் சிறு உதவித்தொகையும் அளிக்கப்பெற்றன. இம்முறையை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு, திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பின்னும் உண்பதும் ஈட்டுவதும் உயர்ந்தே இருந்தமையைக் காட்டியது.

ஆதலின், நுண்கடனை அறவே விலக்க வேண்டுவதில்லை. கந்துவட்டிக்காரனிடம் சிக்காமல் அவசரச் செலவைச் சமாளிக்கவும், நடக்கும் கடையை நடத்திச் செல்லவும் அது துணையாகலாம். ஆனால், அதனையே வறுமை ஒழிப்பு என அழைத்தல் பொருந்தாது. ஒரு திட்டம் வென்றதா என அறிய விரும்புவோர், எத்தனை தவணை திரும்பியது என்று கேட்பதோடு அமையாமல், தவணை கட்டிய வீட்டில் அன்று எத்தனை வேளை அடுப்பெரிந்தது என்றும் கேட்டறிதல் வேண்டும்.