உரிமைக்குக் காவல் யார்?

குடியாட்சி நாடொன்றில் தனிமனித உரிமைகளுக்குக் காவல் யாது என வினவினால், அரசியல் சட்டம் என்று விடையிறுப்போரே பலர். வகுப்பறையிலும் அவ்விடையே போதுமானதெனக் கொள்ளப்படுகிறது. மலேசிய அரசியல் சட்டத்தின் 5ஆம் விதி உயிருக்கும் உடல் விடுதலைக்கும் காப்பளிப்பதும், 10ஆம் விதி பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வழங்குவதும் உண்மையே. ஆயினும் அதே சட்டத்தின் 149ஆம் விதி, நாட்டுப் பாதுகாப்பை முன்னிட்டு அவ்வுரிமைகளுக்கு முரணான சட்டங்களை இயற்ற நாடாளுமன்றத்துக்கு இடந்தருகிறது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறிக்க வழிவைத்துள்ள ஏட்டை மட்டும் நம்பி உரிமைகள் வாழ இயலுமா? இதனை ஆராயப் பேராக் மாநிலத்தின் வரலாற்றைவிடத் தக்க சான்று நமக்கு வேண்டுவதில்லை.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அவசரகாலம் பிரகடனமாயிற்று. விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரம் ஆட்சியாளர் கைக்கு வந்தது. துணிந்து நின்ற தொழிற்சங்கங்கள் ஒடுங்கின. தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். 1960இல் அவசரகாலம் முடிவுற்றது. ஆனால் அவ்வதிகாரம் முடிவுறவில்லை. அதே ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரில் அது நிலைபெற்றது. ஆயுதமேந்தியோரை அடக்கவெனப் பிறந்த அதிகாரம், தம் குழந்தைகளின் நலத்துக்காக வாதாடிய கிராமத்தார் மீதும் பாயும் என்பதைப் பின்னர் பேராக்கே கண்டது.

ஈப்போவுக்கு அண்மையிலுள்ள புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் 1982இல் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஈயம் பிரித்தெடுத்த மணலில் எஞ்சும் மோனசைட் என்னும் கனிமத்திலிருந்து அரிய தனிமங்களை எடுப்பது அதன் தொழில். மிஞ்சியது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. அக்கழிவைப் புதைக்கத் தம் ஊரருகே குழிகள் தோண்டப்படுவதை எதிர்த்து 1984இல் பாப்பான் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1985இல் புக்கிட் மேரா வாசிகள் எண்மர் ஊரார் சார்பில் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழு ஊரைத் திரட்டியது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் துணைநின்றது. 1985 அக்டோபரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எனினும் 1987இல் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்க, அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் முழு விசாரணை ஆரம்பமாயிற்று.

ஐம்பது நாள்கூடக் கடக்கவில்லை. அக்டோபர் 27ஆம் நாள் லாலாங் நடவடிக்கை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டனர். மூன்று செய்தித்தாள்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. சிறைப்பட்டோரில் கதிரியக்க எதிர்ப்புக் குழுவின் தலைவர்களும், வழக்கில் மக்கள் பக்கம் வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் அடங்குவர். வழக்குத் தொடுக்கும் உரிமை ஏட்டில் இருந்தது. வழக்கறிஞரோ சிறையில் இருந்தார்.

நீதிமன்றம் தனித்து நின்று இதனைத் தடுக்க முடிந்ததா? அப்போது சிறைப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங்கை 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் விடுவித்தது. அன்றே அவர் மீண்டும் கைதானார். அவ்வாண்டிலேயே நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவிநீக்கம் செய்யப்பட்டார். நீதித்துறையே காவல் வேண்டி நின்ற அந்நாளில், அதற்காகக் குரலெழுப்பியது வழக்கறிஞர் மன்றம். 1989இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தமோ, இத்தகைய தடுப்புக்காவல் ஆணைகளை நீதிமன்றங்கள் ஆராய்வதற்கிருந்த வழியைப் பெரிதும் அடைத்தது.

எனினும் புக்கிட் மேரா வழக்கு மடியவில்லை. தலைவர்கள் சிறையிலிருந்தபோது அதனை உயிரோடு வைத்திருந்தது நீதிமன்றத்தின் நடைமுறை. 1992 ஜூலை 11ஆம் நாள் நீதிபதி பே சுவீ சின் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தார். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டப்படி மக்கள் தோற்றனர். ஆயினும் ஊராரின் எதிர்ப்பு ஓயாத நிலையில், 1994 ஜனவரியில் நிறுவனம் ஆலையை மூட முடிவுசெய்தது. இயக்கம் முடக்கப்பட்டபோது நீதிமன்றம் தாங்கியது. நீதிமன்றம் கைவிட்டபோது இயக்கம் தாங்கியது. இவ்வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே: உரிமைக்குத் தனிக்காவலன் எவனும் இல்லை. ஒன்று தளர்ந்தவிடத்து மற்றொன்று தோள்கொடுக்கும் அமைப்புகளின் உறவே காவல்.

அழுத்தக் குழுக்கள் யாரால் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. பிறருடைய உரிமையைப் பறிக்கக் கோரும் குழுக்களும் நாட்டில் உண்டு. ஆகவே குழு என்பதனாலேயே அதனைப் போற்ற வேண்டுவதில்லை. தன் கோரிக்கையைச் சான்றுகளோடு பொதுமன்றத்தில் வைக்கிறதா? எதிர்த்தரப்புக்கும் பேசும் உரிமையை ஒப்புகிறதா? இவையே உரைகற்கள். நிபுணர்களையும் ஆவணங்களையும் கொண்டு குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு நின்ற புக்கிட் மேரா மக்கள் இவ்வுரைகற்களில் தேறியவர்கள்.

பின்வந்த நிகழ்ச்சிகளும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. தோட்டப்புற மக்களிடையே நெடுங்காலம் தொண்டாற்றிய மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தபோது, 2011இல் சோசலிசக் கட்சியினர் ஐவருடன் அவசரகாலச் சட்டத்தின்கீழ்ச் சிறைவைக்கப்பட்டார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்கிடையே ஜூலை 29ஆம் நாள் அறுவரும் விடுதலையாயினர். மறு ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அதனிடத்தில் வந்த சொஸ்மா சட்டம் 28 நாள்வரை காவலில் வைக்க இடமளித்தது. 2015இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரத்தை மீண்டும் கொணர்ந்தது. வென்றெடுத்த உரிமையையும் விழித்திருந்து காக்க வேண்டியிருக்கிறது.

நம் சமுதாயத்துக்கு இதில் தனிப்பாடம் ஒன்றுண்டு. துரையிடம் கிராணி வழியாக முறையிட்டுக் காத்திருந்த பழக்கம், ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்த பின்னரும் நம்மைவிட்டு அகலவில்லை. துரையின் இடத்தில் தலைவரை வைத்து, மனுவை நீட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். மனு இரக்கத்தை நாடுவது. உரிமையோ ஆவணத்தையும் சாட்சியையும் கட்டுக்கோப்பான சங்கத்தையும் நாடுவது. புக்கிட் மேராவில் வழக்காடியவர்களும் எளிய மக்களே. ஒரு தலைவரை மட்டும் நம்பியிராமல், குழு அமைத்து, வழக்கறிஞரைத் தேடி, சாட்சிக்கூண்டில் ஏறினர் என்பதே வேறுபாடு.

எனவே 5ஆம் விதியையும் 10ஆம் விதியையும் மாணவர்க்கு மனப்பாடமாகக் கொடுக்கும் ஆசிரியர்கள், அவற்றோடு புக்கிட் மேராவின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். பள்ளிச் சங்கக் கூட்டத்துக்கு அறிக்கை எழுதவும், கணக்குக் கேட்கவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு செவிமடுக்கவும் பழகிய மாணவனே நாளை ஊருக்காக ஒரு குழுவை நடத்த வல்லவனாவான். உரிமைக் காவலுக்கு ஆள் தேடவேண்டிய இடம் நம் வகுப்பறைதான்.