சிங்கபுரக் குன்றும் செஜாரா மெலாயுவும்

பழைய நகரங்களின் கதையை அவற்றின் கற்கள் சொல்லும் என்பர். செஞ்சிக்குச் செல்பவர் மதிலையும் களஞ்சியத்தையும் காண்கிறார். தென் இத்தாலியில் மத்தேரா என்னும் குன்றூருக்குச் செல்பவர், பாறையைக் குடைந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருந்த வீடுகளைக் காண்கிறார். சிங்கப்பூரின் குன்றுநகருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதன் அரண்மனை மரத்தால் ஆனது, மரம் மண்ணாயிற்று. எஞ்சிய சில கற்களையும் பின்வந்தோர் உடைத்துவிட்டனர். ஆகவே அந்நகரின் வரலாற்றையும் இயல்பையும் அறிய விரும்புவோர் ஒரு நூலை நாட வேண்டியவராகின்றனர். அந்நூல் செஜாரா மெலாயு. தமிழர் அந்நூலின் ஓர் அதிகாரத்தை மட்டும் விரும்பிப் படித்து, மற்றவற்றை மூடிவைத்து விட்டனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் குன்றைக் காண்போம். தேக்காவிலிருந்து தெற்கு நோக்கி நடப்பவர் அரைமணி நேரத்தில் அதன் அடிவாரத்தை அடைந்துவிடலாம். உயரம் ஐம்பது மீட்டர் அளவே. மலை என்று சொல்லத் தமிழ்நாட்டார் நகைப்பர். ஆயினும் ஆற்றையும் கடலையும் ஒருங்கே நோக்கும் இடம் அதுதான். மலாய்க்காரர் அதனைப் புக்கிட் லாராங்கான், அதாவது புகத் தகாத குன்று, என்றனர். பழைய மன்னர்கள் அங்கே உறைந்தனர், அங்கேயே அடக்கமாயினர் என்பது அவர்கள் நம்பிக்கை. 1819இல் ஆங்கிலேயர் வந்தபோது தெமெங்கோங்கின் ஆட்கள் அதில் ஏற அஞ்சினர். குன்றின் மேல் ஆளில்லாமலே முரசொலி கேட்கும் என்றனர் என்று முன்ஷி அப்துல்லா எழுதுகிறார்.

1822 பெப்ரவரியில் கிராஃபர்டு என்பார் அக்குன்றில் ஏறி, கண்டதைக் கண்டவாறு குறித்து வைத்தார். வடபால் ஒரு மண்மதில், உச்சிக்கு அருகில் நாற்பதடிச் சதுர மேடை, துளையிட்ட மணற்கற்கள், மட்கல ஓடுகள், சீனத்துச் சொங் அரசர் காலச் செப்புக் காசுகள், காடாகிப் போன பழத்தோட்டத்தில் டுரியானும் ரம்புத்தானும். தோட்டம் வைத்தவர் யார் என்று சொல்ல எவரும் இல்லை. அவர் கண்டவற்றுள் பெரும்பகுதி அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் மறைந்தது. இராஃபிள்ஸ் உச்சியில் வீடு கட்டினார். பிறகு கோட்டை வந்தது. இந்தியத் தலைமை ஆளுநர் கேனிங்கின் பெயரே குன்றுக்கும் நிலைத்தது. 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைச் சப்பானியரிடம் ஒப்படைக்கும் முடிவும் இக்குன்றின் அடியிலிருந்த நிலவறையில்தான் எடுக்கப்பட்டது. ஆள்வோர் எவராயினும் அவர்க்கு இக்குன்று வேண்டியிருந்தது.

மண்ணுக்குள் இருந்தவை மெல்ல வெளிவந்தன. 1920களில் நீர்த்தேக்கம் தோண்டிய கூலிகளின் மண்வெட்டியில் பொன்னணிகள் அகப்பட்டன. கீர்த்திமுகம் பொறித்த தோள்வளை ஒன்றும் அவற்றுள் இருந்தது. 1984இல் ஜான் மிக்சிக் முறையான அகழாய்வைத் தொடங்கினார். பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான், கண்ணாடி மணிகள், திசைகாட்டிக் குறிகள் எழுதிய ஓர் அரிய கிண்ணம் முதலியன கிடைத்தன. அதே நூற்றாண்டில் வாங் தாயுவான் என்னும் சீன வணிகர் இவ்வூரைப் பற்றி எழுதியிருப்பதும் இவற்றோடு பொருந்துகிறது. சயாமியர் எழுபதுக்கு மேற்பட்ட மரக்கலங்களில் வந்து ஒரு திங்கள் முற்றுகையிட்டதையும், ஊரார் வாயிலை அடைத்துக்கொண்டு தாங்கியதையும் அவர் கூறுகிறார். அடைப்பதற்கு வாயில் இருந்தது என்றால் மதிலும் இருந்தது. கிராஃபர்டு கண்டது அதன் மிச்சமாகலாம். இரும்வாய்ச்சிப் பறவையின் அலகும் நறுமண மரமும் இங்கே விலைபோயின.

இனி நூலுக்கு வருவோம். சுலாலாத்துஸ் சலாத்தின், மன்னர் மரபு, என்பது அதன் இயற்பெயர். சோகூர் அரசவையில் 1612ஆம் ஆண்டுக் கட்டளையின்படி பெண்டகாரா துன் ஸ்ரீ லானாங் தொகுத்தார் என்பது மரபு. ஜான் லெய்டனின் ஆங்கில ஆக்கம், அவர் மறைந்து பத்தாண்டுக்குப்பின் 1821இல், இலண்டனில் அச்சாயிற்று. இந்நூலின் ஒரு படியை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. குன்றுநகர் அழிந்து இரண்டு நூற்றாண்டுக்குப்பின் எழுதப்பட்ட நூல் இது என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும்.

தமிழர் விரும்பும் அதிகாரம் இதன் தொடக்கத்தில் வருகிறது. கலிங்க நாட்டுப் பேரரசன் ஒருவன் சீனத்தை வெல்லப் படையுடன் புறப்பட்டுத் தெமாசெக் வரை வருகிறான். அவன் பெயர் சூலன், சூரன், சோழன் என்று படிக்குப் படி மாறுகிறது. சோழன் என்ற ஒலியைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் துள்ளுகிறது. இராசேந்திரன் 1025இல் கடாரத்தின் மேல் சென்றதை ஆசிரியர் அனைவரும் அறிவர்; இரண்டையும் இணைத்து, இராசேந்திரனே சிங்கப்பூருக்குப் பெயரிட்டான் என்று மேடையில் முழங்குவோரும் உண்டு. வகுப்பறைக்கும் அம்முழக்கம் வந்துவிடுகிறது.

நூல் அவ்வாறு சொல்லவில்லை. நூலில் நடப்பது வேறு. படை வருவதைக் கேட்ட சீன வேந்தன் ஒரு மரக்கலத்தில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்து நிற்கும் மரங்களையும், பல்போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டவர்களுக்குக் கிழவர்கள் விடை சொல்கிறார்கள்: புறப்பட்டபோது தாங்கள் பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுவர்களாம், மரங்கள் விதைகளாக இருந்தனவாம், ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாம். அரசன் நம்பித் திரும்பிவிடுகிறான். வெற்றி வேந்தனைக் கிழவர் சிலர் வாயினாலேயே வென்ற கதை இது. மலாய்ப் புலவர் சிரித்துக்கொண்டே எழுதிய இடத்தைத் தமிழர் மார்தட்டிக்கொண்டு படிப்பது, நூலுக்கும் நியாயம் ஆகாது. சோழர்க்கும் பெருமை ஆகாது.

மேலும், அந்த அரசனை நூல் இஸ்கந்தர் சுல்கர்னைன், அதாவது மாசிடோனிய அலெக்சாந்தர், வழியினன் ஆக்குகிறது. பிறகு கண்ணாடிப் பேழையில் அமர்ந்து அவன் கடலடி உலகுக்குச் சென்று அங்கே மணம் முடிக்கிறான். அந்த வழித்தோன்றல்தான் பலெம்பாங்கில் தோன்றி, தெமாசெக்கில் இறங்கி, செந்நிற உடலும் கருந்தலையும் வெண்மார்பும் கொண்ட விலங்கைக் கண்டு சிங்கபுரம் எனப் பெயரிட்ட நீல உத்தமன். பெயரிட்டவன் இவனே என்பது நூலின் தெளிவான கூற்று. சோழனை வரலாறு என்று ஏற்பவர் அலெக்சாந்தரையும் கண்ணாடிப் பேழையையும் என்ன செய்வர்? வேண்டியதைப் பொறுக்கி வேண்டாததை உதறுவது ஆராய்ச்சி ஆகாது. தஞ்சைக் கல்வெட்டோ இராசேந்திரன் வென்ற இடங்களைத் தனித்தனியே அடுக்குகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர் எனத் தொடங்கிக் கடாரத்தில் முடியும் அப்பட்டியலில் தெமாசெக் இல்லை. சோழர் கடற்படை சென்றதன் மங்கிய நினைவு மலாய் மக்களிடையே கதையாக வாழ்ந்திருக்கலாம் என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல அந்த நூல் இடம் தரவில்லை.

ஆற்றுமுகத்துக் கல்லின் கதையும் இதை ஒட்டியதே. 1819இல் காடு வெட்டியவர்கள் மூன்று மீட்டர் உயரமுள்ள பெரும்பாறை ஒன்றைக் கண்டனர். அதில் ஐம்பது வரி எழுத்து இருந்தது. பார்க்க வந்த இந்தியர் அதை இந்து எழுத்து என்றனர், ஆனால் படிக்க முடியவில்லை. சீனர் சீன எழுத்து என்றனர். அப்துல்லாவுக்கோ எழுத்தின் மேடுகள் அரபு எழுத்தைப் போலத் தோன்றின. அவரவர்க்கு அவரவர் எழுத்து! 1843இல் அதிகாரிகளின் கட்டடத்துக்கு இடம் வேண்டி அக்கல்லை வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். ஜேம்ஸ் லோ என்பவர் பொறுக்கி எடுத்த துண்டுகள் கல்கத்தாவுக்குச் சென்றன. திரும்பி வந்த ஒன்று இன்று குன்றின் அடியிலேயே தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. சாவகத்துக் கவி எழுத்து என்பது பலர் கருத்து. 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஐயன் சின்கிளேர், அதில் ‘கேசரிவ’ எனப் படிக்கத்தக்க எழுத்துகள் உள்ளன என்றும், அது பரகேசரிவர்மன் என்னும் சோழப் பட்டத்தின் பகுதியாகலாம் என்றும் கூறினார். கருதத்தக்க கருத்துத்தான். ஆயினும் ஐம்பது வரியில் ஒரு சொல்லின் பாதியைக் கொண்டு ஓர் ஆட்சியைக் கட்டி எழுப்ப முடியாது. மாணவர்க்குச் சொல்லும்போது ‘ஆகலாம்’ என்ற சொல்லை விட்டுவிடலாகாது.

அப்படியானால் தமிழர்க்கு அந்நூலில் ஒன்றும் இல்லையா? நிறைய உண்டு, தேடும் இடம் வேறு. நீல உத்தமன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் கலிங்க நாட்டு அரசன் மகள். அவள் முன்னோர் பெயரில் ‘முதலியார்’ என்ற சொல் ஒட்டியிருக்கிறது. சோகூர் அவையில் இருந்து எழுதியவருக்குத் தமிழ் வணிகரின் பெயரொலி அவ்வளவு பழக்கம். அந்நூலில் ‘கெலிங்’ என்பது பெண் கொடுத்துப் பெண் எடுக்கத் தக்க அரசர் வாழும் நாட்டின் பெயர். பிற்காலத்தில் அதே சொல் தோட்டத்துச் சாலையிலும் துறைமுகத்திலும் தமிழனைப் புண்படுத்தும் வசையாகிவிட்டது. அச்சொல் இழிந்த வரலாற்றை விளக்க இந்நூலைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

படாங்கின் கதை இன்னும் இனிது. அடிமையாகப் பிறந்து, பூதத்தைப் பிடித்து அதனிடம் வலிமை பெற்றவன் படாங். அவனோடு பொருதக் கலிங்க அரசன் தன் மல்லனை ஏழு மரக்கலங்களோடு அனுப்புகிறான். தோற்றால் ஏழும் பந்தயப் பொருள். அரண்மனை முன்றிலில் கிடந்த பாறையைக் கலிங்க மல்லன் முழங்கால் வரையே தூக்குகிறான். படாங் அதைத் தூக்கி ஆற்றுமுகத்தில் எறிகிறான். இங்கே தோற்றவன் நம்மவன். அதனாற்போலும் இக்கதை தமிழ் மேடைகளில் கேட்பதில்லை. ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. படாங் இறந்தான் என்று கேட்ட கலிங்க அரசன், அவன் கல்லறைக்கு நடுவதற்கு இரண்டு கல்தூண்களை அனுப்பி வைத்தான் என்கிறது நூல். தன் வீரனைத் தோற்கடித்தவனுக்கு நடுகல் அனுப்பிய அரசனாக மலாய்ப் புலவர் தென்னவனைக் காட்டுகிறார். இதைவிடப் பெரிய பாராட்டைச் சோழன் கதையில் காண இயலாது.

நூலின் உயிர் இருக்கும் இடம் குன்றுநகரின் வீழ்ச்சி. அதற்கு முன்பே பலெம்பாங்கில் ஓர் ஒப்பந்தம் நடக்கிறது: குடிகள் அரசனுக்கு இரண்டகம் செய்யலாகாது, அரசன் குடிகளை இழிவுபடுத்தலாகாது. சிங்கபுரத்தில் இதை முதலில் முறிப்பவன் அரசனே. வாள்மீன்கள் கரையேறி மக்களைக் குத்தியபோது, மக்களின் கால்களையே வேலியாக நிறுத்தினான் அரசன். கால்களுக்கு மாறாக வாழைத்தண்டுகளை நடுங்கள் என்று ஒரு சிறுவன் சொன்னான், ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுடையவன் வளர்ந்தால் கேடு என்று அச்சிறுவனைக் கொல்வித்தான் அரசன். அவனுக்குப்பின் வந்த அரசன், பொய்ப்பழியை ஆராயாமல் ஒரு பெண்ணைச் சந்தையில் கழுவேற்றினான்; அவள் தந்தை கருவூல அதிகாரி. அவன் வாயிலைத் திறந்துவிட, மஜபாகித் படை புகுந்தது.

சிலம்பு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. ஆராயாத தீர்ப்பு, குற்றமற்றவர் சாவு, நகர் அழிவு எல்லாம் அங்கும் உள்ளன. ஆனால் வேறுபாடு கூர்மையானது. பாண்டியன் தன் பிழையை அறிந்த நொடியில் உயிர் விடுகிறான். சிங்கபுர மன்னன் தப்பி ஓடி மலாக்காவை நிறுவுகிறான். வாயிலைத் திறந்த தந்தையோ கல்லாகிறான். நூலை எழுதியவர் மலாக்கா வழிவந்தோரின் அவையினர். அரசன் சாக முடியாது. எனினும் அரசன் செய்த கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. அரசவைப் புலவர்க்கு இது எளிய துணிவன்று. போர்த்துகீசியர் தோமே பீரெஸ் எழுதியதை அருகில் வைத்தால் மறைத்தது எது என்பதும் தெரியும்: பலெம்பாங்கிலிருந்து வந்த பரமேசுவரன் தெமாசெக்கின் தலைவனைக் கொன்று ஐந்தாண்டு ஆண்டான் என்கிறார் அவர். செஜாரா மெலாயு அந்தக் கொலையைச் சொல்லாமல், அவ்விடத்தில் ஐந்து மன்னர் மரபை நிறுத்துகிறது. பெயரும் முறையும் புனைந்தனவாகலாம். குடிகளுக்குச் செய்த அநீதி நகரை அழித்தது என்ற நினைவு புனைவன்று போலும்.

ஐந்தாம் மன்னன் இஸ்கந்தர் ஷாவின் கல்லறை என்று சொல்லப்படும் இடம் ஒன்று குன்றின் சரிவில் இன்றும் உள்ளது. அவன் மலாக்காவில் இறந்தான் என்று நூலே கூறுவதால், அங்கே அடக்கமானவர் யாரோ அறியோம். கிராஃபர்டு 1822இல் சென்றபோது அவ்விடத்தின் மேல் புதிதாக ஓர் எளிய கொட்டகை போடப்பட்டிருந்தது. நகர் பிறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. முஸ்லிம்களும் இந்துக்களும் சீனரும் ஒருங்கே வந்து அங்கே வணங்கிச் சென்றதை அவர் குறித்திருக்கிறார்.